பல்பை மங்கவைத்தவள்

ஹட்டனில் எங்கள் வீட்டு பல்பு இன்று சாயங்காலம் மங்கி மறுபடி எரிந்தது. சட்டென்று என் விரல்களைப் பார்த்துக்கொண்டேன். சின்ன வயசுப் பழக்கம்.

அப்போது என்னிடம் ஒரேயொரு படக்கதைப் புத்தகம் இருந்தது. அதன் நாயகனுக்கு அம்மா மனுஷி, அப்பா வேற்றுக்கிரகவாசி. கோபம் வந்தால் அவன் கையிலிருந்து மின்சாரம் கட்டுக்கடங்காமல் பாயும். எனக்கு அவன் சொந்தக்காரன் மாதிரி. என் அம்மா தேயிலைக் கொழுந்து பறிக்கிற தமிழச்சி, அப்பா பக்கத்துக் கிராமத்துச் சிங்களவர். நாங்கள் குடியிருந்த லயத்தின் வரிசை வீட்டுப் பிள்ளைகள் என்னைப் ‘பாதி’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஒருநாள் அப்படிக் கூப்பிட்டதும் ஆத்திரத்தில் கத்தினேன். அதே நொடி லயத்து பல்புகள் அத்தனையும் மங்கின. பிள்ளைகள் அலறி ஓடினார்கள். நானும் பயந்துபோய் அம்மாவிடம் ஓடினேன்.

“பேக்டரியில புது மெஷின் ஓடுது புள்ள. இனிமே தெனமும் இந்நேரத்துக்கு மங்குமாம்” என்றாள் அம்மா.

அப்பா சிரித்தார். “அத வெளிய சொல்லிறாத.”

மறுநாள் அதே நேரம் பார்த்து வாசலில் நின்று கத்தினேன். மங்கியது! அதற்குப் பிறகு விளையாட ஆள் பிரிக்கும்போது இரண்டு பக்கமும் என்னைக் கேட்டுச் சண்டை போட்டார்கள்.

இந்தக் கதை தெரிந்த என் மகள், இன்று பல்பு மங்கியதும் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள்.

“யாரு மேலம்மா கோவம்?”