வெறுமையாகத் திரும்பாத பாத்திரம்

யாராவது பேய்க்கதை தொடங்கினால் கதிரையை விட்டு எழும்பிப் போகிற ஆள் நான். படித்தது மின்பொறியியல். ஃபியூஸ் போனால் ஏன் போனது என்று கேட்பேனே தவிர, யார் செய்த வேலை என்று கேட்கமாட்டேன். நீங்கள் சிரிக்கப்போகிறீர்கள், சிரியுங்கள், ஆனால் முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

எழுபதுகளின் நடுவில் நாங்கள் ஊரைவிட்டு இந்த வெள்ளைக்கார நாட்டுக்கு வந்து, ஹோம்புஷ் என்கிற புறநகரில் வாடகைக்கு இருந்தோம். என் மனைவி லோகா அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. பிள்ளை பிறந்தபின் எங்கும் போக முடியாதே என்று ஹாக்ஸ்பெரி ஆற்றில் ஒரு வீட்டுப்படகை வாடகைக்கு எடுத்தேன். கடல்நீர் ஏறி இறங்குகிற ஆறு அது. பின்னேரம், நீர் கடல் பக்கம் வடியத் தொடங்கிய நேரம் பார்த்து எஞ்சின் நின்றுவிட்டது. படித்த பொறியியலெல்லாம் போட்டுப் பார்த்தேன், அசையவில்லை. நங்கூரமும் சேற்றில் பிடிக்காமல் இழுபட்டது. மூடுபனி இறங்க இறங்கப் படகு ஆற்றுவாயை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது, எங்கள் இரண்டு பேருக்கும் நீந்தத் தெரியாது. லோகா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நல்லூர் முருகனைக் கூப்பிட்டாள். நான் தொண்டை கிழியக் கத்தினேன்.

பனிக்குள்ளிருந்து ஒரு சின்ன வள்ளம் வந்தது. எஞ்சின் இல்லை, துடுப்புத்தான். அதில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர், உடுப்பெல்லாம் ஈரம். பேசாமல் கயிற்றை எறிந்தார், கட்டினேன். நம்பினால் நம்புங்கள், வடிகிற நீருக்கு எதிராக அந்த வள்ளம் எங்கள் படகை இழுத்தது. துடுப்புப் போடுகிறவர் பின்பக்கம் பார்த்துத்தானே இருப்பார், வழி முழுக்க எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருதடவைகூடத் தலையைத் திருப்பி வழி பார்க்கவில்லை. கண்கூடச் சிமிட்டவில்லை என்று லோகா இன்றைக்கும் சொல்கிறாள், உற்றுப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

கரையோர மரமொன்றில் படகைக் கட்டியதும் லோகா புளிச்சாதம் இருந்த எவர்சில்வர் பாத்திரத்தை அப்படியே அவரிடம் நீட்டினாள். அவளுடைய அம்மா பெயர் வெட்டிக் கொடுத்த பாத்திரம். உயிர் தப்பிய சந்தோஷத்தில், எங்கள் ஊரில் பாத்திரத்தை யாரும் வெறுமையாகத் திருப்பித் தருவதில்லை என்று ஆங்கிலத்தில் பகிடியும் விட்டாள். அப்போதுதான் அவர் முதல்தடவையாகத் தலையாட்டினார், பாத்திரத்தோடு பனிக்குள் போய்விட்டார்.

காலையில் படகின் சொந்தக்காரர் எங்களைத் தேடி வந்தார். நடந்ததைச் சொன்னதும், துடுப்புப் போட்டு இதை இழுத்தாரா என்று விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு முன்பக்கம் தொங்கிய, கிழவர் எறிந்த கயிற்றைக் கையில் எடுத்தவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். வருடக்கணக்காகத் தண்ணீருக்கு அடியில் கிடந்த கயிறு, சிப்பி முளைத்திருந்தது.

அந்த நேரம் லோகா உள்ளிருந்து வந்தாள். கையில் அவளுடைய பாத்திரம், நிறைய உயிர்ச் சிப்பி.

"கட்டிலுக்குப் பக்கத்திலை இருந்தது. இஞ்சருங்கோ, இனி எங்கட முறை."

சிப்பியை ஆற்றில் கொட்டினேன். பாத்திரத்தையும் எறியச் சொன்னேன், அம்மா தந்தது என்று அவள் விடவில்லை. குசினி அலுமாரியின் மேல்தட்டில் இத்தனை வருடமாகச் சும்மா கிடக்கிறது.

அன்றைக்கு வயிற்றில் இருந்த மகள், வருகிற கிழமை தன் பிள்ளைகளோடு அதே ஆற்றில் வீட்டுப்படகு எடுக்கிறாள். வேண்டாம் என்று சொன்னேன், காரணம் கேட்டாள், மழை வரும் என்றேன். நேற்று அந்தப் பாத்திரத்தை இறக்கிப் பார்த்தேன். உள்ளே ஈரம். துடைத்து வைத்தேன், இன்று காலையும் ஈரம்.

லோகா வந்து பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தாள். புளியை எடுத்து ஊறப்போட்டாள்.