தவம் அண்ணையின் டிக்கியில் இருந்த அரிசி

அந்தத் திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கு நான் வழக்கம்போல வேலைப்பையோடு வீட்டு வாசலில் நின்றேன். பனி கொட்டிக்கொண்டிருந்தது. இன்னும் ஐந்து நிமிடத்தில் அந்தச் சிவப்புக் காரின் தாழ்ந்த வெளிச்சம் மூலையில் திரும்பவேண்டும். திரும்பவில்லை. ஐந்தே முக்கால் ஆனது. பதினைந்து வருடங்களாக ஒருநாளும் பிந்தாத மனிதர். சுற்றுவட்டத்தில் கார் சறுக்கி, அவர் வாய்க்காலுக்குள் கிடக்கிறார் என்று என் மனம் தானாகவே முடிவு கட்டிவிட்டது. கைத்தொலைபேசி அடித்தது. அவருடைய மகள் அபிரா. முதலில் டேனிஷில் ஏதோ சொன்னாள். எனக்கு ஒன்றும் ஏறவில்லை. பிறகு தமிழில் சொன்னாள்: "அப்பா போயிட்டார், அன்ரி."

"கார் எங்க பிள்ளை?" என்று கேட்டேன். இப்படியொரு கேள்வியைக் கேட்டதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

"கார் வெளியில நிக்குது. அப்பா நித்திரையிலயே போயிட்டார்."

எனக்கு முதலில் வந்தது ஆறுதல். அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது. ஏன் அப்படி என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். தவராசா அண்ணையைத் தெரிந்தவர்கள், முக்கியமாக அவரைப் பார்த்துச் சிரித்தவர்கள், தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள்.

நாங்கள் இருவரும் ஒரே தளபாடத் தொழிற்சாலையில், ஒரே காலை வேலையில் இருந்தோம். அந்த நேரத்துக்கு டென்மார்க்கின் எங்கள் ஊரான இக்காஸ்ட்டிலிருந்து பஸ் கிடையாது. எனக்குக் கார் ஓடத் தெரியாது. இரண்டு தரம் பரீட்சைக்குப் போய், இரண்டு தரமும் பரீட்சகர் பக்கத்தில் இருக்கும்போதே அழுதவள் நான். அதனால் அண்ணையோடுதான் போய்வந்தேன். அவரிடம் இருந்ததோ இரண்டே இருக்கையுள்ள பந்தயக் கார் மாதிரியான ஒன்று. ஸ்கீவ என்ற ஊரில் ஒரு ஓய்வுபெற்ற டேனிஷ்காரரிடம் பழசாக வாங்கியது. என்ஜினின் பலம் முழுக்கப் பின்சில்லுகளுக்குத்தான் போகும். முன்பக்கம் இழுக்காது, பின்பக்கம் தள்ளும். பனியில் அந்தப் பின்பக்கம் தன்பாட்டில் ஒரு பக்கமாகக் கிளம்பிவிடும். இந்த ஊர்க்காரர் இப்படியான கார்களை ஒக்டோபரில் துணிபோட்டு மூடி, ஏப்ரலில்தான் வெளியே எடுப்பார்கள். அண்ணையிடம் வேறு கார் இல்லை. "நான் வருசம் முழுக்க வேலைக்குப் போறன், அதுவும் வரட்டும்" என்பார்.

முதல் மாரிக்குளிரில் ஏறியபோது நான் வீதியிலேயே உட்கார்ந்த மாதிரி இருந்தது. பக்கத்தில் போன லொறியின் சில்லு என் தலைக்கு மேலே நின்றது. ரயில் பாலத்தில் ஏறியதும் காரின் பின்பக்கம் மெதுவாக வலப்பக்கம் போகத் தொடங்கியது. நான் முன்னால் இருந்த தட்டைப் பிடித்துக்கொண்டு, "பிறேக்கை அடியுங்கோ!" என்று கத்தினேன். அவர் அடிக்கவில்லை. பெடலில் இருந்து காலை மட்டும் மெல்ல எடுத்து, போகவேண்டிய பக்கத்தைப் பார்த்து ஸ்டியரிங்கைத் திருப்பினார். கார் கீழ்ப்படிந்து நேரானது. பாலம் இறங்கிய பிறகுதான் தட்டிலிருந்து கையை எடுத்தேன்.

"உங்களுக்குப் பயமே இல்லையோ அண்ணை?"

"பயமில்லாதவனோட காரில ஏறாதையும்" என்றார். "பயம் நெஞ்சில இருக்கட்டும். காலுக்கு இறங்க விடக்கூடாது."

பிறகுதான் கவனித்தேன். ஒவ்வொரு சுற்றுவட்டத்துக்கு முன்பும் அவர் இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காற்சட்டையில் துடைப்பார். அவருக்கும் வியர்த்தது. அதைப் பார்த்த பிறகு எனக்குப் பயம் குறைந்தது என்று சொன்னால் பொய். ஆனால் அவரை நம்பினேன்.

அவருடைய இன்னொரு ஏற்பாடு அரிசி. பின்சில்லு நிலத்தைப் பிடிக்கவேண்டுமென்றால் அதன்மேல் பாரம் வேண்டும். டேனிஷ்காரர் மண்மூட்டை வைப்பார்கள். அண்ணை நவம்பர் பிறந்ததும் இருபது கிலோ அரிசி மூட்டைகள் இரண்டை டிக்கியில் ஏற்றிவிடுவார். மார்ச்சில் இறக்கித் தன் மனைவி மலர் அக்காவிடம் கொடுப்பார். அக்கா அதைச் சமைப்பார். "மண்ணைச் சாப்பிட ஏலுமோ?" என்று அண்ணை எங்களிடம் கேட்பார். நாங்கள் சிரிப்போம்.

இப்போது அந்தப் பொங்கலுக்கு வருகிறேன். ஆறு வருடங்களுக்கு முன்பு, மண்டபத்தில் ஊர் கூடிய நாள். சமையலறைப் பொறுப்பு எனக்கு. எதிர்பார்த்ததைவிடச் சனம் கூடிவிட்டது, மத்தியானச் சோற்றுக்கு அரிசி காணாது. ஞாயிற்றுக்கிழமை ஊரிலுள்ள தமிழ்க் கடையும் பூட்டு. அண்ணை மேடையில் ஒலிபெருக்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவருடைய குளிரங்கி சமையலறைக் கொளுக்கியில் தொங்கியது, கார்த் திறப்பு அதன் பைக்குள் இருந்தது. வெளியே பார்த்தேன். பனி ஒரு பொட்டும் இல்லை, புல் பச்சையாகத் தெரிந்தது. இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டுபோய் இரண்டு மூட்டையையும் இறக்கினேன். சாப்பாடு முடிந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மூட்டைகள் எதற்காக அங்கே இருந்தன என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

அண்ணை இரண்டாம் தரமும் சோறு கேட்டு வந்தார். "அருமையான சோறு தங்கச்சி. எந்த அரிசி?" என்றார். பந்தியில் அத்தனை பேருக்கு முன்னால் உண்மையைச் சொல்லக் கூசியது. "கடை அரிசிதான் அண்ணை" என்றேன்.

மூன்று மணிக்குப் பனி கொட்டத் தொடங்கியது. நான்கு மணிக்கு அவர் என்னை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். வெட்டைவெளியில் காற்று பனியை வீதிக்குக் குறுக்கே வாரி இறைத்தது. கார் அன்றைக்கு முதலிலிருந்தே ஆடியது. "இண்டைக்கு என்ன, பின்பக்கம் நிக்குதில்லை" என்று முணுமுணுத்தார். அந்த நேரம் நான் சொல்லியிருக்கவேண்டும். சொன்னால் அவர் ஓரமாக நிறுத்தியிருப்பார்.  சுற்றுவட்டம் வந்ததும் சொல்லலாம், அது கழியட்டும், பிறகு சொல்லலாம் என்று எனக்குள்ளேயே தவணை சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் உள்ளங்கைகளைத் துடைத்தார். சுற்றுவட்டத்துக்குள் திரும்பியதும் பின்பக்கம் எங்களை முந்திக்கொண்டு போனது. உலகம் முழுதாக ஒரு தரம் சுழன்றது. எதிரே ஒரு பால் லொறியின் இரண்டு வெளிச்சங்கள், அதன் ஊதுகுழல் சத்தம், பிறகு என் நெஞ்சில் இருக்கைப் பட்டியின் இறுக்கம். பின்சில்லுகள் வாய்க்காலில். லொறி ஒரு முழ இடைவெளியில் போனதாக அண்ணை பிறகு சொன்னார். நான் கண்ணை மூடியிருந்தேன்.

பக்கத்துத் தோட்டக்காரர் உழவு இயந்திரத்தோடு வந்தார். காரை இழுப்பதற்குக் கொளுக்கி ஒன்றை முன்பக்கத்தில் திருகிப் பூட்டவேண்டும். அது டிக்கிக்குள் இருந்தது. அண்ணை போய் டிக்கியைத் திறந்தார். நான் அவருடைய முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். கொளுக்கி எடுக்க அவ்வளவு நேரம் தேவையில்லை. பிறகு மூடினார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"என்ர கால்தான் பிழை விட்டிட்டுது" என்று எல்லோரிடமும் சொன்னார். மலர் அக்கா காரை விற்கச் சொல்லி ஒரு மாதம் பேசாமல் இருந்தார். அபிரா தன் நான்கு வயது மகளை இனி அந்தக் காரில் ஏற்றக்கூடாது என்று சொல்லிவிட்டாள். பேத்திக்கு இப்போது பத்து வயது. அண்ணை அவளை ஒருதரம்கூட அந்தக் காரில் கூட்டிப்போனதில்லை. நீங்கள் 'சறுக்கல் தவம்' என்று பெயர் வைத்தீர்கள். கலியாண வீடுகளில் அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவரும் சிரித்துக்கொண்டே திரும்புவார். நானும் பக்கத்தில் நின்று சிரித்திருக்கிறேன்.

என்னிடம் மட்டும் ஒரு மாற்றம் செய்தார். அதற்குப் பிறகு பனிக்காலத்தில் ஒவ்வொரு காலையும் என் வாசலில் நிறுத்தி, "தங்கச்சி, டிக்கியை ஒருக்காப் பாரும்" என்பார். நான் போய்த் திறந்து பார்த்து, "இருக்கு அண்ணை" என்று சொல்லிவிட்டு ஏறுவேன். ஆறு மாரிகள். அது பாதுகாப்புக்காக என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். அவர் எனக்கு ஒவ்வொரு நாளும் ஒரு வாசலைத் திறந்துவிட்டிருக்கிறார். நான் ஒவ்வொரு நாளும் டிக்கியை மூடினேன்.

கடைசி வெள்ளிக்கிழமை, அதே சுற்றுவட்டத்தில், என்னவோ தைரியத்தில் தொடங்கினேன். "அண்ணை, அண்டைக்குப் பொங்கலில..."

"இப்ப ரோட்டைப் பாக்க விடும்" என்றார், உள்ளங்கையைத் துடைத்தபடி. "திங்கக்கிழமை ஆறுதலாச் சொல்லும்."

சனியும் ஞாயிறும் நான் சொற்களை அடுக்கி வைத்திருந்தேன். திங்கட்கிழமை அந்தக் கதையை வாயில் வைத்துக்கொண்டுதான் வாசலில் நின்றேன்.

எட்டாம் நாள் சடங்கு முடிந்ததும் அபிராவிடம் சொன்னேன்.   

"அப்பாக்குத் தெரியுமோ?"

"ஓம். தெரியும்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை? நான் இவளை ஏத்த விட்டிருப்பன்." அது எனக்கா, அப்பாவுக்கா என்று தெரியவில்லை. என்னைத் திட்டினால் நன்றாக இருக்கும் போலிருந்தது. திட்டவில்லை. எழுந்துபோய்க் கார்த் திறப்பை எடுத்தாள். மகளைக் கூப்பிட்டாள்.

ஆகவே உங்களுக்கும் சொல்கிறேன். சறுக்கியது அவருடைய கால் இல்லை. அன்று அந்தப் பந்தியில் நீங்கள் சாப்பிட்டதும், அவர் சாப்பிட்டதும் அவருடைய டிக்கியில் இருந்த அரிசி. பரிமாறியது நான். அந்தப் பட்டப்பெயரை இனி யாரும் சொல்லவேண்டாம். சொல்லியே ஆகவேண்டுமென்றால் என்னைச் சொல்லுங்கள்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு வேலை மட்டும்தான். அபிராவிடம் சொன்ன அன்றைக்கு வெளியே பனி கணுக்கால் அளவுக்குக் கிடந்தது. அபிரா ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்தாள், பக்கத்தில் பேத்தி, கண்கள் பெரிதாகி, பட்டியை இரண்டு கையாலும் பிடித்தபடி.  யாரும் கேட்காமலே நான் பின்பக்கம் போய் டிக்கியைத் திறந்தேன். இரண்டு மூட்டையையும் கையால் அமத்திப் பார்த்தேன்.

"இருக்கு" என்று சொன்னேன்.

அபிரா உள்ளங்கைகளைக் காற்சட்டையில் துடைத்துவிட்டுக் காரை எடுத்தாள்.