ரோட்டுக்கு அந்தப் பக்கத்து வீடு

உங்கள் அக்கா ஏன் இன்ஜினியரிங் சேரவில்லை என்று அப்பாவிடம் கேட்டீர்கள். அவள் சொல்ல மாட்டாள். அதனால் நான் எழுதுகிறேன், பிள்ளைகளே.

பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிக்கல் டிப்ளமோவை நல்ல மார்க்கோடு முடித்தாள். அதை வைத்து நேராக இன்ஜினியரிங் இரண்டாம் வருடத்தில் சேரலாம். ஆனால் ஐந்து வருடம் விடாமல் புதுச்சேரியில் குடியிருந்ததற்குச் சான்றிதழ் கேட்டார்கள். அதை வாங்க இருவரும் தாலுகா ஆபீசுக்குப் போனோம்.

அங்கிருந்தவர் எங்கள் காகிதங்களைப் புரட்டினார். "நடுவுல மூணு வருஷம் தமிழ்நாட்டுல இருந்திருக்கீங்களே?"

"எதிர் வீட்டுக்குத்தான் சார் மாறுனோம், தண்ணி நல்லா வருதுன்னு. இங்க சாப்ட்டு அங்க கை கழுவுற தூரம்."

"ரோட்டத் தாண்டுனா வேற ஸ்டேட்டுயா. ரேஷன் கார்டயும் மாத்தியிருக்க. யாரு மாத்தச் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. அந்தப் பக்கம் பொங்கலுக்குக் கரும்பு கொடுக்கிறார்கள் என்று நானே ஓடிப்போய் மாற்றினேன்.

பஸ்ஸில் திரும்பினோம். இறங்கும்போது, "வுடுப்பா, நீ என்ன வேணும்னா செஞ்ச" என்றாள். திட்டியிருக்கலாம்.

இப்போது ஒரு கம்பெனியில் பேனல் போர்டுக்கு ஒயர் மாட்டுகிறாள். நாம் இந்தப் பக்கம் திரும்பி வந்து ஐந்து வருடம் முடிந்துவிட்டது. இனி சான்றிதழ் கிடைக்கும் என்று நேற்று அவளிடம் சொன்னேன்.

"கணக்கெல்லாம் மறந்துபோச்சிப்பா" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.