போலீஸ் வேஷம் வந்த மறுநாள்

என் நைனா இறந்த செய்தி வந்தபோது நான் சிரித்துக்கொண்டிருந்தேன். நான் மட்டுமில்லை, பழவேற்காடு ஏரிக்கரையில், கோட்டைக்குப்பத்தில் எங்கள் தெருவே சிரித்துக்கொண்டிருந்தது. எங்களைக் கல்மனசுக்காரர்கள் என்று நினைக்க வேண்டாம். அது பகல் வேஷக்காரர்கள் வந்திருந்த வாரம்.

ஊர் உலகத்தில் பகல் வேஷம் என்றால் பாசாங்கு. எங்களுக்கு அது ஆந்திரப் பக்கத்திலிருந்து வந்து ஒரு வாரம் தங்கிப்போகும் நாலைந்து ஆட்கள். மேடை கிடையாது, திரை கிடையாது. பட்டப்பகலில், நாளுக்கு ஒரு வேஷமாகக் கட்டிக்கொண்டு தெருவில் நடந்து வருவார்கள். கடைசி நாள் வேஷமில்லாமல் வந்து, கொடுப்பதை வாங்கிக்கொண்டு போவார்கள். யாருக்கு நாங்கள் பயப்படுகிறோமோ அவர்களைத்தான் கட்டுவார்கள். வட்டிக்காரர் வருவார், ஆபீசர் வருவார். ஏரியே தன் தாத்தா சொத்து என்று மரத் துப்பாக்கியோடு ஒரு துரை வருவார். எங்கள் பயத்துக்குக் கோமாளித் தொப்பி போட்டு எங்கள் முன்னாலேயே நடக்க விடுவார்கள். அதில்தான் ருசி.

அன்றைக்கு வந்தது போலீஸ். முகத்தில் ஆள் அடையாளம் தெரியாத அரிதாரம். சட்டையில் சோடா மூடிகள் மெடலாகத் தொங்கின, கையில் லத்திக்குப் பதில் முருங்கைக்காய். வயிற்றில் துணியைத் திணித்துத் தொப்பை. ஏரித் தண்ணீரைத் திருடியதாக வீட்டுக்கு வீடு கேஸ் எழுதினார். உண்மையில் காக்கிச் சட்டை தெருவில் நுழைந்தால் எங்கள் ஆம்பளைகள், தப்பு செய்திருந்தாலும் செய்யாவிட்டாலும், ஏரிப்பக்கம் நழுவிவிடுவார்கள். அதனால் அன்றைக்குச் சிரிப்பு இரண்டு பங்கு.

எங்கள் வாசலுக்கு வந்து அதட்டினார். "இன்னாம்மா, ஊட்டுக்காரர் எங்க?"

அம்மா சளைக்கவில்லை. "அவரு செத்துட்டாரு சார். அங்க போய்ப் புடிச்சிக்க."

உள்ளே படுத்திருந்த நைனா இருமுகிற மாதிரிச் சிரித்தார். போலீஸ் காதைத் தீட்டிக்கொண்டு, "பொணம் சிரிக்குதே. இதுக்குத் தனி கேஸ்," என்று எழுதிக்கொண்டார். தெரு உருண்டு புரண்டது. போகும்போது அவர் ஒரு சவால் விட்டார். "நாளைக்கு மெடல் இல்லாம, முருங்கைக்காய் இல்லாம, நெஜ போலீஸாவே வரேன். கண்டுபுடிங்க பாக்கலாம்."

மறுநாள் ஏரியில் எங்கள் பாடு இல்லை. வலை விரிக்கும் இடத்துக்கு முறை வைத்திருப்பதைத்தான் பாடு என்போம். முறை இல்லாத நாள் என்பதால் நைனா காலையிலேயே வலைக்கு நூல் வாங்கப் பொன்னேரிக்குப் போயிருந்தார். மதியம் சாப்பாட்டுக்கு வருவதாகச் சொன்னவர் வரவில்லை. போன் போட்டால் எடுக்கவில்லை. அவர் போனை எடுக்காதது எங்களுக்குப் புதிதில்லை.

மூன்று மணி இருக்கும். தெருமுனையில் பைக்கை நிறுத்திவிட்டு ஒரு கான்ஸ்டபிள் மணலில் நடந்து வந்தார். இந்தப் பக்கத்துக்குப் புதிதாக மாற்றலாகி வந்தவர், எங்களில் யாரும் பார்த்த முகமில்லை. பெண்கள் வாசலுக்கு வந்துவிட்டோம்.

"சொன்ன மாதிரியே வந்துட்டாம்பா. ஷூ கூட போட்டுனு கீறான்."

பக்கத்து வீட்டு அத்தை கிட்டே போய் அவர் தொப்பையை விரலால் குத்திப் பார்த்தாள். "இன்னிக்குத் துணி நல்லா வச்சிருக்க," என்றாள். ஒருத்தி போனில் வீடியோ எடுத்தாள். அவர் கோபப்படவில்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். குத்து வாங்கிக்கொண்டு சும்மா நிற்கிற போலீஸை நான் எங்கே பார்த்திருக்கிறேன்? பட்டம் வாங்கிய பெண் நான். படித்த முட்டாள்.

அவர் நைனாவின் பெயரைச் சொல்லி, "இது அவர் வீடுதானே? வீட்டுல பெரியவங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார்.

அம்மா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "அவருதான் செத்துட்டாரே சார். நேத்தே சொன்னோமே."

தெரு சிரித்தது. அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அதை நான் இன்றுவரை மறக்கவில்லை. சுமந்து வந்த மூட்டையை யாரோ பாதி வழியில் இறக்கி வைத்த மாதிரி இருந்தது. நேத்து என்று நான் சொன்னது அவர் காதில் விழவேயில்லை போலிருக்கிறது.

"தகவல் வந்துடுச்சாம்மா?" என்றார் மெதுவாக. "எப்படிச் சொல்றதுன்னு வழியெல்லாம் யோசிச்சிக்கிட்டே வந்தேன்."

நடிப்பு பிரமாதம் என்று சிரிப்பு இன்னும் கூடியது. அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். உள்ளே நைனாவின் மீனவர் அடையாள அட்டை. கூடவே கண்ணாடி நொறுங்கிய போன். பின்மூடி கழலாமலிருக்க நான் போட்டுக்கொடுத்த பச்சை ரப்பர் பேண்ட் அதிலேயே இருந்தது.

முன்னால் நின்றவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். பின்னால் நின்றவர்களுக்குத் தெரியவில்லை, அவர்கள் இன்னும் கொஞ்ச நேரம் சிரித்தார்கள். பொன்னேரியில் தண்டவாளத்தைக் கடக்கும்போது ரயில் அடித்துவிட்டது என்று அவர் சொன்னது அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான்.

நைனாவை எடுத்த அன்றே ஊர் பேச ஆரம்பித்துவிட்டது. அம்மாவின் வாய் முகூர்த்தம் என்றார்கள். கருநாக்கு என்றார்கள். அம்மாவின் முகத்துக்கு நேராக யாரும் சொல்லவில்லை, ஆனால் ஓலைத் தட்டிக்குக் காது இல்லையா? அன்று சாயங்காலம் அம்மா கண்ணாடி முன்னால் நின்று நாக்கை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பார்ப்பதை அவள் கவனிக்கவில்லை. அழவும் இல்லை. கல் மாதிரி இருந்தாள்.

இரண்டு நாள் கழித்து வேஷக்காரர்களின் கடைசி நாள் வந்தது. போலீஸ் வேஷம் கட்டியவர் வெறும் முகத்தோடு தெருவில் வந்தார். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும், மெலிந்த ஆள். எங்கள் வீட்டைத் தாண்டி ஓரமாகப் போகப் பார்த்தார். அம்மா கூப்பிட்டாள். முறத்தில் அரிசி எடுத்து வந்து அவர் பையில் போட்டாள். தெருவில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீதானே அன்னிக்கு வந்து கேட்ட? நான் வெளையாட்டுக்குத்தான் சொன்னேன்னு நீயாவது இவங்களாண்ட சொல்லுப்பா."

அவர் பையைக் கீழே வைத்தார். தெலுங்கு கலந்த தமிழில், தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார். "நான் போலீஸ் இல்லம்மா. வேஷத்தாண்ட சொன்னது வேஷத்தோட போயிடும். மூஞ்சி கழுவும்போதே நான் அதைக் கழுவிட்டேன்."

அம்மா அப்போதுதான் உட்கார்ந்து அழுதாள்.

எனக்கும் அந்த வார்த்தை வேண்டியிருந்தது. ஆனால் அம்மா சொன்னது வேஷக்காரரிடம். நான் சொன்னது நிஜப் போலீஸிடம். அந்தக் கான்ஸ்டபிளைப் பழவேற்காடு பஸ் நிறுத்தத்தில் இரண்டு முறை பார்த்தேன். இரண்டு முறையும் அவர் ஏதோ பேச வந்தார். நான்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.