பன்னிரண்டு மணித் தண்ணீர்

பாலசுந்தரிக்கு நாற்பத்தாறு வயது. தேற்றாத்தீவிலிருந்து மட்டக்களப்புக்கு பஸ்ஸில் வந்துபோகும் ஆராய்ச்சி உதவியாளர். சுனாமிக்குப் பிறகு வந்த வெளிநாட்டு நிபுணர்கள் வாவியின் முகத்துவாரத்தில் ஒரு கமராவை நட்டுவிட்டுப் போனார்கள். அது நாள் முழுக்க ஒரு அளவுக்கம்பத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். அந்த வீடியோவிலிருந்து நீர்மட்டத்தைச் சொல்லும் பைத்தன் நிரலை எழுதுவது இவள் வேலை. நிபுணர்களுக்குச் சம்பளம், இவளுக்குப் பாராட்டுக் கடிதம்.

மாரியில் வாவி நிரம்பினால் முகத்துவாரத்து மணலை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விட வேண்டும். பிந்தினால் வட்டை வட்டையாக, கண்டம் கண்டமாக வயல் மூழ்கும். முந்தினால் இறால் கடலோடு போய்விடும். யுத்தம் அந்த வருடம் முடிந்துவிட்டது. இந்தச் சண்டை முடியவில்லை. வயற்காரருக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானையாரின் விவசாயிகள் சங்கமும் மீனவர் சங்கமும் தங்கள் கணினியில் தாங்களே அளந்து பார்க்கட்டும் என்று அவள் ஆளுக்கொரு சீடி கொடுத்தாள். இரண்டு கணினியும் இரண்டு தண்ணீரைக் காட்டின.

“மிஸ், உங்கட மனிசன்ட வயல் எந்த வட்டைக்குள்ள?” என்று கேட்டார் கல்லடி மீனவர் சங்கத் தலைவர் வினாயகமூர்த்தி.

“அதுக்கும் இதுக்கும் என்ன அண்ணன்?”

“இல்ல, வட்டவிதானையார்ட கொம்பியூட்டர்ல நாலடி. எங்கட கொம்பியூட்டர்ல மூண்டரை. தண்ணிக்கும் ஆள் தெரியுது போல.”

அன்றிரவு பாலசுந்தரி சாப்பிடவில்லை. இருபது வருட உத்தியோகத்தில் அவளிடம் மிஞ்சியிருந்தது அவள் சொல்லுக்கு இருந்த மதிப்பு ஒன்றுதான்.

பிழை அவள் தேர்ந்தெடுத்த நூலகத்தில் இருந்தது. நூலகம் என்றால் இங்கே புத்தகம் இல்லை, வேறு யாரோ எழுதிவைத்த நிரல். வீடியோவைத் திறக்க இரவல் வாங்குவது. பெரிய நூலகம் எல்லாம் செய்யும், ஆனால் தான் ஓடத் தேவையான வேறு ஐந்து நிரல்களையும் உறவுக்காரர் மாதிரிக் கூட்டிக்கொண்டு வரும். சின்னது ஒரு சீடிக்குள் அடங்கும். ஏனென்றால் அது வேலையே செய்யாது. வீடியோவைத் திறக்கும் வேலையை அந்தந்தக் கணினியில் ஏற்கனவே கிடக்கும் நிரல்களிடம் தள்ளிவிடும். பெரிய அலுவலகங்களும் அப்படித்தான் நடக்கின்றன என்பதால் அவள் சந்தேகப்படவில்லை. மீனவர் சங்கச் செயலாளர் கோகுலராஜோ, சினிமாப் படம் பார்க்கவென்று கண்டதையெல்லாம் கணினியில் ஏற்றி வைத்திருந்தான். பன்னிரண்டு மணிக் காட்சியைக் கேட்டால் அது கைக்கு அகப்பட்ட எட்டு மணிக் காட்சியைக் கொடுத்தது. இடையில் நாலு மணித்தியால மழை.

பெரிய நூலகத்தையும் முயன்றாள். விதானையாரின் பழைய கணினி மூன்றாவது உறவுக்காரரிலேயே உயிரை விட்டது. கடைசியில் வீடியோவைத் தன் அலுவலகத்திலேயே தனித்தனிப் படங்களாக உடைத்து, ஒவ்வொன்றிலும் நேரத்தைப் பொறித்து, அவற்றைச் சீடியில் போட்டாள். சங்கங்களில் படத்தைத் திறந்தால் போதும். அதற்கான வேறொரு சின்ன நூலகமும், யாரிடமும் தள்ளிவிடாதது, சீடியிலேயே வந்தது.

“வீடியோ ஆராய்ச்சியில வீடியோவையே காணல்லயே?” என்றார் மேலதிகாரி.

“ஓம் சேர். ஆனா எல்லா இடத்திலயும் ஓடும்.”

மீனவர் சங்கத்தில் நடந்த கூட்டத்துக்கு வட்டவிதானையார் இராசதுரை தன் கணினியை ஓட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். இரண்டிலும் நாலடி இரண்டங்குலம்.

வினாயகமூர்த்தி மாறி மாறிப் பார்த்தார். “ரெண்டும் ஒண்டுதான்.”

“அப்ப நாளைக்கு வெட்டுவம்,” என்றார் இராசதுரை.

“ஏன் அவசரம்? நாலரை வரட்டும்.”

“உங்கட இறால் வளர என்ட பயிர் நீந்தவா?”

சண்டை பழைய இடத்தில் தொடங்கியது. தன் பெயரோ புருஷனின் வயலோ வருகிறதா என்று பாலசுந்தரி கால்மணி நேரம் காது கொடுத்தாள். வரவில்லை. சீடிகளைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழும்பினாள்.

“மிஸ், என்ட படம் பாக்கிற சாமான் ஒண்டும் அழிபடல்லயே?” என்றான் கோகுலராஜ்.

“இல்ல தம்பி. இனி அதால எனக்கு ஒண்டுமில்ல.”

தேற்றாத்தீவுப் பக்கம் போகும் நாலு மணி பஸ் போயிருந்தது. அடுத்தது ஆறுக்கு.