பதினாலாம் நம்பர் பீல்டும் ஒரு ‘யெஸ்’ஸும்

காலை ஏழேகாலுக்கு லட்சுமி அக்கா போன் பண்ணினார். கொழுந்து பறிக்கும் பன்னிரண்டு பேருக்கு அவர்தான் கங்காணி.

“தங்கச்சி, பதினாலாம் நம்பர்ல இலையெல்லாம் மருந்து வாடை. ஒங்க கம்ப்யூட்டர் என்ன சொல்லுது?”

“பறிக்கலாம்னுதான் காட்டுதுக்கா.”

“அதுக்கு மூக்கு இல்ல லா. நாங்க வெளிய வந்துட்டோம். ரெண்டு பேருக்குக் கை அரிக்குது.”

பூச்சிமருந்து அடித்தால் ஏழு நாள் அந்தப் பீல்டுக்குள் ஆள் இறங்கக்கூடாது. ரிங்லெட் டவுனிலிருந்து வந்து இந்தத் தேயிலைத் தோட்ட ஆபீஸில் சேர்ந்த இரண்டாம் மாதமே, இந்தக் கணக்கையெல்லாம் ஆக்சஸ் டேட்டாபேஸில் போட்டு, ஆபீஸ் ஷேர் போல்டரில் வைத்திருந்தேன். தினம் காலையில் ‘இன்று பறிக்கலாம்’ என்ற பட்டியல் கங்காணிகளின் போனுக்குப் போகும். மருந்து அடித்த பீல்டுகளை எழுதிவைத்த வாசல் கரும்பலகையை எடுக்கச் சொன்னதும் நான்தான்.

மருந்துப் பதிவு போடும் செல்வி ஓடி வந்தாள். “முந்தாநாள் நானே என்ட்ரி போட்டேன்டி. அடிச்சவங்க பேரு வரைக்கும்.”

டேபிளைத் திறந்தோம். மூன்று நாளாக அவள் போட்ட ஒன்றுகூட இல்லை. பதிவு போடும் பாரத்தைத் திறந்தால் பழைய பதிவுகள் தெரியாமல் வெறும் கட்டங்கள்தான் வரும்படி நான் வைத்திருந்ததால் அவளுக்கும் தெரியவில்லை. மேல் டிவிஷனில் கணக்கு எழுதும் கிராணி சாமிநாதன் அய்யா போட்டது மட்டும் ஒழுங்காக இருந்தது. அவருக்குப் போன் போட்டேன்.

“மேல பனி எறங்குனா வைஃபை நிக்கும்மா. இந்த மூணு நாளா ஒரே பனி. அதனால காலையில பைலைக் காப்பி பண்ணிக்குவேன். நாள் முழுக்க அதுல அடிச்சு, சாயங்காலம் நீங்கள்லாம் மூடிட்டுப் போனதும் பழைய எடத்துலயே போட்டுருவேன். ரீப்ளேஸ் பண்ணவான்னு கேக்கும். யெஸ் குடுத்துருவேன்.”

செல்வி பகலில் போட்டதையெல்லாம் அந்த ‘யெஸ்’ தினமும் அழித்திருக்கிறது. “ஏன் அய்யா எங்கிட்ட சொல்லல?”

“சொன்னேனே. நின்னு நின்னு போகுதுன்னேன். ரீஸ்டார்ட் பண்ணுங்கன்னுட்டு வச்சிட்ட.”

மேனேஜர் ஒரே கேள்விதான் கேட்டார். “இப்ப எந்தப் பீல்டுக்குள்ள ஆள் அனுப்பலாம்?”

“தெரியல சார்.”

நான் படித்த படிப்புக்கு அதுதான் பதில். அன்று எங்கேயும் பறிக்கவில்லை. மருந்து அடிப்பவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, எங்கே அடித்தீர்கள் என்று கேட்டு எழுதினோம். இன்னும் இரண்டு பீல்டு மாட்டியது. அரிப்பு வந்த இருவரையும் கிளினிக்குக்கு அனுப்பினோம். சாயங்காலத்துக்குள் சரியானது.

அப்புறம் டேபிள்களைத் தனி பைலாகப் பிரித்து சர்வரில் வைத்தேன். பாரம் மட்டும் அவரவர் கணினியில். இப்போது யார் காப்பி எடுத்தாலும் பாரம்தான் போகும், பதிவு போகாது. மேல் டிவிஷனுக்கு வைஃபையை விட்டு கேபிள் இழுத்தோம். இதெல்லாம் எந்த வீடியோவிலும் கிடைக்கும்.

கிடைக்காதது ஒன்று: யாராவது ‘நின்னு நின்னு போகுது’ என்றால், அன்றே மேலே ஏறிப்போய் அவர் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். ஒரு முறை நான் போயிருந்தால் போதும்.

கரும்பலகை மறுபடி வாசலில் இருக்கிறது. லட்சுமி அக்கா இன்னமும் இறங்குவதற்கு முன் ஓர் இலையைக் கிள்ளி மோந்து பார்க்கிறார். நான் சிரிப்பதில்லை.