நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று

"சிரிக்காத. அளவுகோலை ஒட்டி நில்லு. இப்ப பக்கவாட்டுல திரும்பு."

ஆஸ்திரேலியாவின் டப்போ ஊரில், ரயில் பாதையோரம் இருந்த தன் கொட்டகையில் கோரல் நேடன் படமெடுத்துக்கொண்டிருந்தாள். சுவரோரம் விறைத்து நின்றவள் பெருநகர அருங்காட்சியகம் ஒன்றிலிருந்து வந்த ஹாரியட். கலை வியாபாரியோ பேராசிரியரோ, யார் வந்தாலும் முதலில் நேராக ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம். அந்தக் காலத்தில் பாதிரிமார் எங்களை வைத்திருந்த மிஷன் குடியிருப்புக்கு வந்த வெள்ளைக்கார ஆராய்ச்சியாளர்கள் எங்கள் விராட்ஜுரி பழங்குடி ஜனங்களை இப்படித்தான் நிறுத்தி அளந்தார்கள். இன்று அவர்களுடைய வாரிசுகள் கோரலின் சுவர் முழுக்க நிற்கிறார்கள். அந்தச் சுவரைத்தான் கலை என்று விலைக்குக் கேட்கிறார்கள்.

கோரலுக்கு அறுபது தாண்டிவிட்டது. அடுத்தவர் ஊற்றிய தேநீரைக் குடிக்கமாட்டாள். இரவல் பேனாவில் கையெழுத்துப் போடமாட்டாள். புதிதாக யாரைக் கண்டாலும், "யாரு வீட்டுப் புள்ள நீ?" என்று பாட்டன் பூட்டன் வரை துருவுவாள். அவள் சித்தப்பா மகள் நான், போன வாரம் கொட்டகைச் சாவி கேட்டதற்கு, "எதுக்கு?" என்றாள். எனக்கு எரிச்சல்தான். ஆனாலும் ஹாரியட்டை நானும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் பார்த்தேன்.

"உங்க ஜனங்க பட்டதை நினைச்சா எனக்குத் தூக்கமே வரல, ஆன்ட்டி."

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம். எந்த வழியில நான் உனக்கு ஆன்ட்டி? எங்கப்பா படம் எங்க?"

சுவரை விற்க அவள் வைத்த நிபந்தனை அது ஒன்றுதான். அப்பாவைச் சிறுவனாக மிஷனில் நிறுத்தி எடுத்து, இப்போது அருங்காட்சியகத்தில் கிடக்கும் படம் வீடு திரும்பவேண்டும். அவருடைய வேறு படம் எங்கள் யாரிடமும் இல்லை.

ஹாரியட் உறையிலிருந்து எடுத்து நீட்டினாள். கோரல் படத்திலிருந்த முகத்தைப் பார்க்கவில்லை. தாளைக் கவிழ்த்துப் பின்பக்கத்தைத் தடவினாள்.

"இது நேத்து அச்சடிச்சது."

"நகல்தான், ஆன்ட்டி. அசல் எங்ககிட்ட பத்திரமா இருக்கு."

"பத்திரமாவா? யாருகிட்டேயிருந்து?"

ஹாரியட் காலி உறையை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

"அசலோட வா. அப்ப சுவரைப் பத்திப் பேசலாம்."

அதன் பிறகுதான் கோரல் படத்தை நிமிர்த்திப் பார்த்தாள். சட்டையில்லாத பையன், கோரலின் அதே அகன்ற நெற்றி, மார்பில் எண் எழுதிய அட்டை.

விடைபெற ஹாரியட் கையை நீட்டினாள். கோரல் கை கொடுக்கவில்லை. அவளுடைய கட்டைவிரல் அந்த எண்ணை மூடிக்கொண்டிருந்தது.